மூன்று கவுன்சிலும் ஒரு தெருப் பள்ளமும்: காட்ஸ்வோல்டு கிராமங்களின் பாரிஷ் கவுன்சில் எப்படி?

லண்டனின் ஹாரோவிலோ நியூஹாமிலோ இருந்துவிட்டு குளோஸ்டர்ஷயர் பக்கம் வீடு மாறுகிறவர்களுக்கு முதல் குழப்பம் வீட்டுக்கான உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸ் பில்லிலேயே ஆரம்பித்துவிடும். லண்டனில் குப்பை, பிளானிங் (கட்டட அனுமதி), பள்ளிக்கூடம், தெரு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே பரோ கவுன்சில்தான். இங்கே பில்லில் முழு கவுண்டிக்குமான கவுண்டி கவுன்சில், போலீஸ், அதன் ஒரு பகுதிக்கான டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சில் என்று நான்கு வரிகள். பெரும் பங்கு குளோஸ்டரில் உள்ள கவுண்டிக்குப் போகும். சைரன்செஸ்டரில் இருக்கும் காட்ஸ்வோல்டு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் அதே பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும். நான்கிலும் சிறியது பெரும்பாலும் பாரிஷ். இந்த விமர்சனம் அந்தச் சின்ன வரியைப் பற்றியது.

தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்றரை. சரியான காரியத்துக்குப் போனால் கொடுத்த காசுக்கு மேலேயே வேலை நடக்கும். தவறான காரியத்துக்குப் போனால் கையை விரிப்பார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை.

பாரிஷ் என்றதும் சர்ச் நினைவு வரும். 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்க் காரியங்களைச் சர்ச்சிடமிருந்து பிரித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலிடம் கொடுத்தது. இன்று விளையாட்டுத் திடல், ஊர்க்காரர்கள் காய்கறி போட வாடகைக்கு விடும் அலாட்மென்ட் தோட்டம், பஸ் நிழற்குடை, இடுகாடு, போர் நினைவுச் சின்னம், சில ஊர்களில் தெருவிளக்கு ஆகியவை அதன் பொறுப்பு. ரோடு, நடைபாதை வழிகள், நூலகம், பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு கவுண்டிக்கு. குப்பை வண்டி, பிளானிங், தெருவில் கொட்டிய குப்பை, தேர்தல் டிஸ்ட்ரிக்டுக்கு. இதிலும் பொடி வைத்த இடங்கள் உண்டு. A429இல் பள்ளம் என்றால் கவுண்டி. A417, A419இல் குளோஸ்டர் பக்கமிருந்து சைரன்செஸ்டர் வழியாக ஸ்விண்டன் போகும் பகுதி என்றால், அரசின் நெடுஞ்சாலை நிறுவனமான நேஷனல் ஹைவேஸ். ரோட்டோரத்துத் திறந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் யாருக்கும் எழுதிப் பயனில்லை; அதைத் தூர்வார வேண்டியவர் பக்கத்து நிலத்துக்காரர்.

ரோட்டுப் பள்ளத்தை பாரிஷிடம் சொன்னால் அவர்கள் செய்யக்கூடியது அதைக் கவுண்டிக்குத் திருப்பி அனுப்புவதுதான். நீங்களே நேராகக் கவுண்டியின் இணையப் படிவத்தில் வரைபடத்தில் குறிவைத்துப் புகார் பதிந்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலோ நாணயமோ வையுங்கள், ஆழம் தெரியும். அந்த எண் ஏன் முக்கியம்? பின்னால் டயர் கிழிந்து நஷ்டஈடு கேட்டால், 1980ஆம் ஆண்டு ஹைவேஸ் சட்டத்தின் 58ஆம் பிரிவைக் காட்டி "ஒழுங்காகத்தான் சோதித்துப் பராமரித்தோம், இந்தப் பள்ளம் எங்களுக்குத் தெரியாது" என்று கவுண்டி வாதிடலாம். முன்பே பதிந்த புகார் ஒன்று இருந்தால் அந்த வாதம் ஆட்டம் காணும்.

பாரிஷில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் தலைவர் இல்லை, அலுவல்களைக் கவனிக்கும் கிளார்க். சம்பளம் வாங்குகிறவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான், அதுவும் வாரத்துக்குச் சில மணி நேரத்துக்கு. கவுன்சிலர்கள் சம்பளமில்லாமல் வருகிறவர்கள். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே அஜெண்டா ஒட்டியாக வேண்டும். அறிவித்த நாளும் கூட்ட நாளும் அந்தக் கணக்கில் சேராது. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் கவுன்சில் முடிவெடுக்கக் கூடாது. அதனால் கூட்டத்தன்று எழுந்து நின்று பேசிவிட்டு வந்தால் "குறித்துக்கொண்டோம்" என்பதோடு சரி. பத்து நாள் முன்பே கிளார்க்குக்கு ஒரே விஷயம், ஒரே கோரிக்கை என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பினால் அது அஜெண்டாவில் ஏறவும், ஓட்டுக்கு வரவும் வாய்ப்புண்டு. பொதுமக்களுக்கு ஒதுக்கும் நேரம் சுருக்கம். பல ஊர்களில் ஆளுக்கு மூன்று நிமிடம். 2014 முதல் கூட்டத்தை வீடியோ எடுக்கவும் உரிமை உண்டு, ஆனால் முதல் நாளே கேமராவோடு போனால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பிளானிங்கில். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்ப விண்ணப்பித்தால், கருத்துச் சொல்ல 21 நாள். பாரிஷ் கூடுவதோ மாதம் ஒருமுறை, பல இடங்களில் ஆகஸ்டில் கூட்டமே கிடையாது. விண்ணப்பம் ஜூலைக் கடைசியில் வந்தால் பாரிஷ் வாயைத் திறக்கும் முன் கெடு முடிந்துவிடலாம். பாரிஷ் சொல்வதும் கருத்துதான், முடிவு டிஸ்ட்ரிக்டுடையது. ஆகவே உங்கள் ஆட்சேபத்தை உங்கள் பெயரிலேயே டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் போட்டுவிட்டு, நகலை பாரிஷுக்கு அனுப்புங்கள். "வீட்டு விலை குறையும்", "என் ஜன்னல் காட்சி போச்சு", "கட்டும்போது தூசி" என்று எழுதினால் ஒன்றும் எடுபடாது. வெளிச்சம் மறைவது, உங்கள் படுக்கையறைக்குள் நேராகப் பார்வை விழுவது, வண்டி திரும்பும் இடத்தில் விபத்து அபாயம், மழைநீர் வடிகால், பக்கத்துப் பழங்கட்டடத்தின் தோற்றம் கெடுவது ஆகியவை எடைக்கு வரும். இந்த டிஸ்ட்ரிக்டின் 80 சதவீதம் காட்ஸ்வோல்ட்ஸ் நேஷனல் லேண்ட்ஸ்கேப் என்ற பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியின் எல்லைக்குள் இருப்பதால் கல்லின் நிறம், கூரைச் சரிவு பற்றிய ஒரு வரிக்குக்கூட மதிப்புண்டு. டிஸ்ட்ரிக்டில் உங்கள் பகுதிக்கான வார்டு கவுன்சிலரிடம் கேட்டால், அதிகாரி தனியாக முடிவெடுக்காமல் கமிட்டிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவரால் கோர முடியும். அவரை 21ஆம் நாள் அல்ல, முதல் வாரமே பிடிக்க வேண்டும்.

உங்கள் சொந்த மரத்துக்கும் இதே எச்சரிக்கை. பழமைத் தோற்றத்தைக் காக்க ஒதுக்கிய கன்சர்வேஷன் ஏரியாவில் வீடு என்றால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான மரத்தை வெட்ட, கவாத்து செய்ய, ஆறு வாரம் முன்பே டிஸ்ட்ரிக்டுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பாரிஷ் கவுன்சிலர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து "வெட்டிக்கோங்க" என்று சொன்னது அனுமதி ஆகாது.

பாரிஷால் எதுவரை முடியும் என்பதற்கு பைபரி ஊர் நல்ல உதாரணம். கோல்ன் நதிக்கரையில், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டின் ஆர்லிங்டன் ரோ என்ற பழைய வீடுகளைப் பார்க்கச் சுற்றுலாக் கோச் கோச்சாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். சில நூறு பேர் வாழும் ஊர். ஆனால் ரோட்டில் கோச் நிற்கும் இடம் கவுண்டியின் கையில். 2025இல் ஊருக்குள் இருந்த கோச் நிறுத்தங்களைச் சோதனையாக அகற்றியதும் கவுண்டிதான். பாரிஷ் ஆதாரம் திரட்டலாம், விடாமல் கேட்கலாம், கூட்டத்துக்கு அழைக்கலாம். ரோட்டில் அறிவிப்புக் கம்பு நடுகிற அதிகாரம் இல்லை.

பணக் கணக்கு எளிது. ஓர் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வேண்டும் என்று பாரிஷ் முடிவெடுக்கிறது, ஊரின் வீடுகளை எல்லாம் டி-பேண்ட் (மதிப்பு வகைகளில் கணக்குக்கு அடிப்படையான வகை) வீட்டுக் கணக்கில் மாற்றினால் 250 வீடு என்றால், டி-பேண்ட் வீட்டுக்கு 80 பவுண்டு. கவுண்டியும் டிஸ்ட்ரிக்டும் வரம்புக்கு மேல் வரியை உயர்த்த ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷுக்கு இதுவரை அந்தக் கடிவாளம் போடப்படவில்லை. ஆண்டு வரவு, செலவு இரண்டும் 25,000 பவுண்டைத் தாண்டாத பாரிஷ்கள் வெளித் தணிக்கையாளரின் பரிசீலனையிலிருந்து விலக்குப் பெறலாம். இதைத்தான் பெரிய ஓட்டை என்பேன். ஈடுகட்ட ஒரு வழி உண்டு. ஆண்டுக்கு 30 வேலைநாள், ஜூலையின் முதல் 10 வேலைநாளையும் சேர்த்து, பில், ரசீது, ஒப்பந்தங்களை உள்ளூர்க்காரர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பெரும்பாலான ஊர்களில் ஒருவரும் கேட்பதில்லை.

இன்னொரு குறை, போட்டி இல்லாத தேர்தல். இடம் காலியானால், அறிவிப்பு வந்து 14 வேலைநாளுக்குள் 10 வாக்காளர் எழுதிக் கேட்டால்தான் இடைத்தேர்தல். இல்லாவிட்டால் இருக்கிற கவுன்சிலர்களே ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். அதே சமயம், கவுன்சில் காது கொடுக்காவிட்டால் ஆறு வாக்காளர் கையெழுத்துப் போட்டு ஊர்க்கூட்டமே கூட்டலாம். தோட்டம் போட இடம் வேண்டும் என்று ஆறு பேர் எழுதினால் 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி பாரிஷ் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். முழு அலாட்மென்ட் பாத்தி வழக்கமாக 10 ராடு, சுமார் 250 சதுர மீட்டர். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பாத்தி கேட்பது நல்லது. முழுசை வாங்கிவிட்டுக் களை பிடுங்கவே பொழுது போய்விடும்.

கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரட்டை அடுக்கை எடுத்துவிட அரசு 2024 டிசம்பரில் திட்டம் வைத்தது. குளோஸ்டர்ஷயரில் அதற்குக் குறித்திருக்கும் மாதம் 2028 ஏப்ரல். பாரிஷ்கள் அதில் கலைவதில்லை. ஆனால் இப்படி மாறிய மற்ற இடங்களில் பொதுக் கழிப்பறை, புல்வெளி போன்றவை பாரிஷ் தலையில் வந்து விழுந்திருக்கின்றன, கூடவே வரியும். பட்ஜெட் பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையிலான கூட்டங்களில் முடிவாகும். மார்ச்சில் பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டால் அந்த ஆண்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது.