2014இல் வாங்கிய மர இடியப்ப உரலும், அதற்குப் பிறகு வந்த இரண்டும்

2014இல் யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது அங்கேயுள்ள திருநெல்வேலிச் சந்தையில் ஒரு மர இடியப்ப உரல் வாங்கினோம். இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்து, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது. கிழமைக்கு நாலு இரவாவது எங்கள் வீட்டில் இடியப்பம். அந்த உரல் இன்றும் உழைக்கிறது. இடையில் வேறு இரண்டு உரல்களும் வந்தன. எதை வாங்கலாம் என்று உறவுக்காரர் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இப்போது ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மர உரலின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை அமத்த நல்ல பலம் வேண்டும். மாமிக்கு மணிக்கட்டு நோகத் தொடங்கியதால்தான் 2017இல் திருகிப் பிழியும் எவர்சில்வர் உரல் ஒன்று வாங்கினோம். கைக்கு உண்மையிலேயே சுகம். ஆனால் ரயில் பாதையைத் தாண்டினால் கடல் என்று இருக்கிற வீட்டில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. உடம்பு பளபளவென்றுதான் இருந்தது, நடுவில் இருந்த திருகாணி மட்டும் துருப்பிடித்தது. மூன்றாம் வருடம் புரி தேய்ந்து வழுக்கத் தொடங்கியது. திருகாணியை மட்டும் தனியாக வாங்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் வாங்குவதென்றால் திருகாணியும் எவர்சில்வர்தானா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது நல்லது. இரும்பென்றால் பக்கென்று பிடிக்கும்.

அப்புறம் வந்தது புறக்கோட்டைக் கடைத்தெருவில் வாங்கிய பித்தளை உரல். கனம் அதிகம், இழை மிக அழகாக விழும். பச்சை பிடிக்காமல் இருக்கப் பழப்புளியால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும். வேலைக்குப் போய்வந்து தினமும் அதைச் செய்ய எனக்கு முடியவில்லை. இப்போது தீபாவளி முறுக்குக்குத்தான் அது வெளியே வருகிறது.

மர உரலுக்கே திரும்பியபோதுதான் மாமியின் மணிக்கட்டு நோவுக்கும் காரணம் பிடிபட்டது. கேஸ் அடுப்பு மேசையின் உயரத்தில் தட்டை வைத்துப் பிழிந்தால் முழங்கை மடங்கியே இருக்கும், பாரமெல்லாம் மணிக்கட்டில்தான் இறங்கும். இப்போது தட்டை முழங்கால் உயரப் பலகையில் வைத்து, நின்றபடி குனிந்து அமத்துகிறோம். உடம்புப் பாரமே மாவை இறக்கிவிடுகிறது. மாமியும் பிழிகிறார்.

மர உரலைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. மரம் ஊதி, மேல்பாகம் கீழ்பாகத்துக்குள் இறுகிவிடும். முதல் மழைக்காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் இறுகி, ஒரு நாள் முழுக்கக் காத்தாடியின் கீழே வைத்த பிறகுதான் கழன்றது. சுடுதண்ணீர் ஊற்றினால் உரலின் கண்களில், அதாவது துளைகளில், ஒட்டிய மா வெந்து இன்னும் பிடித்துக்கொள்ளும். அப்படியே விட்டால் காலையில் மா காய்ந்திருக்கும், தட்டினால் உதிரும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைக்கிறேன். மாதத்துக்கொரு தடவை தேங்காயெண்ணெய் தொட்டுப் பூசுவேன். கடும் வெயில் கூடாது, மரம் வெடிக்கும்.

ஆனால் இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இடியப்பம் நன்றாக வருவது பாதி உரலில், மீதி மாவில். வறுத்த சிவப்பரிசி மா இரண்டு பங்கு, அவித்த கோதுமை மா ஒரு பங்கு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அரிசிமா மட்டும் என்றால் இழை சட்டென்று முறியும். கோதுமை மாவை அவிக்காமல் குழைத்தால் ரப்பர்போல இழுக்கும். ஆவியில் அவிந்தால் அந்த இழுவை போய்விடும்.

2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில்தான் மா அவிக்கும் முறையை மாற்றினேன். மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மின்சார அடுப்பையும் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அவிப்பதை விட்டு, இரண்டு கிலோவை இரண்டு துணிகளில் தளர்வாக முடிந்து, ஒரே சட்டியில் ஒரு மணித்தியாலம் அவித்தேன். சூடு ஆறுமுன் கட்டிகளை உடைத்து அரிதட்டில் அரிக்க வேண்டும். ஆறினால் கல்லாகிவிடும். பரத்தி நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் இரண்டு கிழமைக்கு மேல் இருக்கும். பிட்டுக்கும் இதே மாதான். தட்டுப்பாடு போன பிறகும் நான் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

குழைக்கும்போது உப்பை மாவில் கலந்து, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிண்டுவேன். கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒரு சின்ன உருண்டை உருட்டி விரலால் அமத்திப் பார்ப்பேன். ஓரம் வெடித்தால் இன்னும் இரண்டு கரண்டி சுடுதண்ணீர். விரலில் ஒட்டினால் கொஞ்சம் மா. வெடிக்காமலும் ஒட்டாமலும் தட்டையானால் உடனே பிழிந்துவிட வேண்டும். ஆறிய மா இறங்காது, அதோடு மல்லுக்கட்டித்தான் உரல்களின் கைப்பிடி முறிகிறது.

தட்டு பிளாஸ்டிக்கா பிரம்பா என்றால், எனக்குப் பிரம்புதான். பிளாஸ்டிக் ஆவியில் வளைந்துபோகிறது. பிரம்பில் மழைக்காலத்தில் பூஞ்சணம் வரும், அதனால் கழுவியதும் அடுக்கி வைக்காமல் பல்கனிக் கம்பியில் கொளுவிவிடுகிறேன்.

இடியப்பம் அவிகிற பத்து நிமிடத்தில் பக்கத்து அடுப்பில் சொதி முடிந்துவிடும். கப்பிப்பாலில், அதாவது தேங்காயின் தண்ணியான பின்பாலில், வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் அவிந்த பிறகு முதற்பால் விட்டு, பொங்க விடாமல் கிண்டி இறக்க வேண்டும். தேசிக்காய் (எலுமிச்சை)ப் புளி அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் பால் திரைந்துவிடும்.

மிஞ்சும் இடியப்பத்தை மறுநாள் தண்ணீர் தெளித்து மூன்று நிமிடம் ஆவியில் வைத்தால் மெதுமையாகும். உதிர்த்துக் கொத்துப் போடுவதென்றால் தெளிக்காமல், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே உதிர்க்க வேண்டும். அப்போதுதான் களியாகாது.

போன வருடம் மர உரலின் ஒரு கைப்பிடி ஆடத் தொடங்கியது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் தச்சர் ஒரு ஆப்பு செதுக்கி இறுக்கிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிரவு பிழிந்த முதல் தட்டு இடியப்பம் அவர் வீட்டுக்குத்தான் போனது, சொதியோடு.