"எந்த பிளாஸ்டிக்குக்கும் சரி" என்று மூட்டையோடு ஒருவர் வந்தால்

மட்டக்குளியில் சின்னதாக ஒரு மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின். ஷாம்பு போத்தல் மூடிதான் முக்கிய வேலை. சில மாதங்களுக்கு முன் மூடியின் ஓரம் நிரம்பாமல் அரைகுறையாக விழத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார், புறக்கோட்டைப் பக்கம் சாமான் விற்கிற ஒருவர்.

"அண்ணை, நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ கலவுங்கோ, தண்ணி மாதிரி ஓடும். பிபி, எச்டிபிஇ எதுக்கும் சரி."

பிபி என்பது பொலிபுரொப்பிலீன், எச்டிபிஇ என்பது அடர்த்தி கூடிய பொலிஎதிலீன், இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். அவர் கொண்டுவந்தது ஒன்றும் அச்சடிக்காத வெள்ளை மூட்டையில் 25 கிலோ குருணை. தரவுத்தாள் கேட்டேன். "ரிசல்ட்டைப் பாருங்கோ, பேப்பர் என்னத்துக்கு?" என்றார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

பிபியில் உண்மையாகவே ஓடியது. சூட்டைக்கூடக் குறைத்தேன். பக்கத்துப் பட்டறைக்காரருக்கும் ஆளைச் சிபாரிசு செய்தேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. மூன்று வாரத்தில் மூடிகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. நல்ல பிபி மூடியின் மடிப்பு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடினாலும் தாங்கும். இவை இருபதாவது தடவைக்குள் முறிந்தன.

அப்போதும் ரெசினைத்தான், அதாவது மூலப் பிளாஸ்டிக்கைத்தான், குறை சொன்னேன். அப்புறம் ஒரு எச்டிபிஇ ஓர்டருக்கு அதே குருணையைக் கலந்தேன். நேர்மாறு! அழுத்தம் ஏறியது, மூடியில் கட்டி கட்டியாகப் புள்ளிகள், கடைசியில் உருகிய பிளாஸ்டிக் வெளியே வரும் நொசில் அடைத்தது. ஸ்க்ரூவைக் கழற்றித் துப்புரவாக்க இரண்டு நாள்.

சோதனைக் கருவி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மெல்ட் ஃப்ளோ பார்த்தார். பிபியை 230 பாகை செல்சியஸில் உருக்கி, 2.16 கிலோ பாரம் வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று அளப்பது. வெறும் பிபி 11, கலந்தது 38. "பெராக்சைட்டாகத்தான் இருக்கும்" என்றார். அது பிபியின் நீண்ட சங்கிலிகளை வெட்டும், அதனால் இளகி ஓடும், பலமும் போகும். எச்டிபிஇயில் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பெராக்சைட் ஒன்றும் மோசடிச் சாமான் இல்லை, பெரிய ஆலைகள் அளவோடு பாவிப்பதுதான். என்ன இருக்கிறது என்று சொல்லாமல் "எதுக்கும் சரி" என்று விற்றதுதான் என் கோபம்.

இதில் பெரிய கூத்து, அச்சு செய்கிற பாஸ் பழைய மூடியைத் திருப்பிப் பார்த்து ஓரத்திலிருந்த கருகலைக் காட்டினார். அச்சில் காற்று வெளியே போகும் மெல்லிய இடைவெளிகள் அழுக்கால் அடைத்திருந்தன. சிக்கிய காற்றுத்தான் ஓரத்தை நிரம்ப விடாமல் தடுத்து, நெருக்கப்பட்டுச் சூடேறிக் கருக்கியும் இருக்கிறது. பிரஷ் போட்டுத் துடைக்க அரை மணித்தியாலம். வெறும் பிபியே முழுதாக நிரம்பியது.

குருணை விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேட்டால் "நீங்கள் கலந்த அளவு பிழை" என்கிறார். பில்லில் "பிளாஸ்டிக் சாமான்" என்று மட்டும் எழுதியிருந்தது. யாராவது வந்தால் உள்ளே இருப்பது என்ன, எந்த ரெசினுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். ஐந்து கிலோவில் ஓட்டிப் பார்த்து, மறுநாள் மடிப்பை முறித்துப் பாருங்கள். இப்போது அதே குருணையைப் பச்சை மூட்டையில் போட்டு கிராண்ட்பாஸ் பக்கம் கொண்டு திரிகிறாராம்.