12 அடி கடல் தூண்டில் செட்டு: சேலத்துல இருந்து போறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

மேட்டூர்லயும் பூலாம்பட்டிலயும் மாவு உருண்டை போட்டு கெண்டை புடிச்சிட்டு இருக்கற நம்மாளுகளுக்கு திடீர்னு கடல் ஆசை வரும்ல, அவங்களுக்குத்தான் இது. 12 அடி டெலஸ்கோப்பிக் ராடு (ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் மடங்கறது), 6000 சைஸ் ரீலு, லைனும் சுத்தியே குடுத்தாங்க, மொத்தமா 2,800 ரூபா, சேலத்துலயே ஒரு கடைல வாங்குனது (பேரு வேணாம்). ராடு நல்லாருக்கு, ரீலு பரவால்ல, லைனு சுத்த குப்பை.

கடலோரத்துல குடியிருக்கறவங்கள கேட்டா ரெண்டு துண்டா கழட்டி மாட்டற ராடுதான் வாங்கச் சொல்வாங்க, வாஸ்தவந்தான், வளைவு சீரா இருக்கும், தூரமும் போகும். ஆனா நாம புது பஸ் ஸ்டாண்டுல ஏறி ஆத்தூர், உளுந்தூர்பேட்டைனு 200 கிலோமீட்டர் கடலூருக்குப் போகணும்ங்க, நீட்டு ராடு வெச்சுகிட்டு கண்டக்டர்கிட்ட யாரு பேச்சு வாங்கறது. இது மடக்குனா நாலடிக்குள்ள வந்துருது. ஒரே தொல்லை மணலு, கீழ போட்டு எடுத்தா ஜாயிண்டுல ஒரு பொடி ஏறிக்கும், அப்புறம் மடக்கறப்ப நறநறன்னு சத்தம் வரும், பலமா இழுக்காம லேசா முறுக்கி முறுக்கி இறக்கணும். லைன் போற வளையம் எல்லாம் ஒரே நேர்ல நிக்குதான்னும் ஒவ்வொரு தடவையும் கண்ண வெச்சுப் பாத்துக்குங்க, ஒண்ணு திரும்பிருந்தாலும் லைன் உரசி அறுத்துக்கும்.

ராடு மேல 80-150 கிராம்னு போட்டிருக்கும், வீசற ஈயத்தோட எடை அது, சும்மா இல்லீங்க. டேம்ல 20 கிராம் ஈயக் குண்டே தாராளம், கடல்ல அத போட்டா அலை திருப்பி கால்கிட்டயே கொண்டாந்து விட்டுரும். 100 கிராமாவது வேணும், உருண்டைய விட பிரமிடு ஷேப் ஈயம் மணல்ல நல்லா புடிச்சு நிக்கும். இங்கதான் அந்த லைன் வேலைய காட்டும், முழு வீச்சுல பட்டுன்னு அறுந்து ஈயம் தனியா பறக்கும், பக்கத்துல ஆளு நின்னா மண்டை போயிரும். அதனால கடைல குடுத்த லைன கழட்டிட்டு 0.35 மில்லிமீட்டர் மோனோ (ஒத்த இழை நைலான் லைன்) சுத்திட்டு, முன்னாடி ராடு நீளத்துக்கு ரெண்டு மடங்கு 40 பவுண்டு லீடர் (வீசற வேகத்த தாங்கற தடி லைன்) கட்டிருங்க. வீசறப்ப ரெண்டையும் சேர்க்கற முடிச்சு ஒரு நாலஞ்சு சுத்து ரீலுக்குள்ளயே இருக்கணும்.

தூரமா வீசுனாத்தான் மீனுன்னு நெனைக்காதீங்க. கடலூர் தேவனாம்பட்டினம் மாதிரி கரைல மொத அலை உடையற எடத்துக்கும் கரைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், கிழங்கான் மீனு அங்கயேதான் மேயும். சின்ன ஹூக்கு, உரிச்ச இறால் ஒரு துண்டு, போதும். இறாலு அங்க போயே வாங்கிக்குங்க. கெளுத்தி விழுந்தா மட்டும் சூதானமா இருங்க, முதுகுலயும் ரெண்டு பக்கமும் முள்ளு, குத்துனா வெசக்கடுப்பு தாங்காது, கட்டிங் பிளேயர் இல்லாம ஹூக்க கழட்டப் போகாதீங்க. திருக்கை வந்துச்சுன்னா வால் பக்கமே போக வேணாம், லைன வெட்டி விட்டுருங்க. ஐப்பசி கார்த்திகைல கடல் கொந்தளிப்பா இருக்கும், அப்ப போறது வீண்.

வீடு வந்ததும் ரீல கழுவாம தூங்கிட்டா லைன் ஓடற சின்ன உருளைல உப்பு வெள்ளையா பூத்து சுத்தாம நின்னுரும். டிராக்க (மீன் இழுத்தா லைன் எவ்வளவு விடணும்னு வெக்கற திருகு) இறுக்கிட்டு மெதுவா தண்ணி ஊத்துங்க, பைப்ப வெச்சு பீச்சாதீங்க, உப்பு உள்ள போயிரும். நம்மூரு போர் தண்ணியே பாதி உப்பு, மேட்டூர் தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு குடம் புடிச்சு வெச்சுக்குங்க.

கடைல ராடு ஸ்டாண்டுன்னு தனியா 450 ரூபா சொல்வாங்க, வாங்காதீங்க. ஹார்டுவேர் கடைல ரெண்டு இஞ்ச் பிவிசி பைப்பு மூணடி வாங்கி, ஒரு முனைய சாய்வா அறுத்துக் குடுங்கன்னா முடிஞ்சுது, மணல்ல குத்தி நட்டு ராட அதுல சொருகிக்கலாம்.