போஸ்ட்ஃபிக்ஸ் மெயில்லாக்_ஃபைல்: எல்லாம் சரி, அந்தத் தேதியைத் தவிர

"மெயில்லாக்_ஃபைல் போட்டால் ஆர்சிஸ்லாக்கே தேவைப்படாதாமே, மாறிவிடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மெயில்லாக்_ஃபைல் என்பது, மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸைத் தன் லாக்கை நேராக ஒரு கோப்பில் எழுத வைக்கும் அமைப்பு; ஆர்சிஸ்லாக் என்பது லாக்கை வாங்கிக் கோப்பில் எழுதும் தனி நிரல். அவர் வைத்திருப்பதும் நான் ஓட்டுவதும் ஒரே கூட்டணி: டெபியன் 12, அதோடு வரும் போஸ்ட்ஃபிக்ஸ் 3.7, லாக்கை அள்ள ஃபைல்பீட், பிரித்து மேய லாக்ஸ்டாஷ்.

வசதி அருமையானது, அதில் சந்தேகமில்லை. 3.4 பதிப்பில் வந்தது, மெயின்.சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பில் ஒரே வரி போதும். பழைய பதிப்பிலிருந்து ஏறி வந்த சர்வராக இருந்தால் மாஸ்டர்.சிஎஃப்-ல் போஸ்ட்லாக்டி (லாக் எழுதும் போஸ்ட்ஃபிக்ஸ் நிரல்) வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். க்ரூட்டுக்குள் (ஒரு அடைவுக்குள் அடைக்கப்பட்டு) ஓடும், மடலை வாங்கும் நிரலான எஸ்எம்டிபிடி-க்காக ஸ்பூல் அடைவுக்குள் தனி லாக் சாக்கெட் திறந்து வைக்கும் தொல்லை போயிற்று. சிஸ்டம்டியின் லாக் சேகரிப்பான ஜர்னல்டியின் வரம்பும் குறுக்கே வராது. அதன் இயல்பு அளவு 30 நொடிக்கு 10,000 வரி (வட்டில் காலி இடம் நிறைய இருந்தால் கூடும்). ஒரு மடலுக்கு ஐந்து வரி என்றால் 2,000 மடலில் தொட்டுவிடலாம். அதற்குமேல் வரும் வரிகள் காணாமல் போகும்.

இப்போது எரிச்சல். போஸ்ட்லாக்டி எழுதும் வரி 'டிச 31 23:59:58' என்று தொடங்கும். வருடம் இல்லை, நேர மண்டலம் இல்லை, நொடிக்குக் கீழே எதுவும் இல்லை. இதை மாற்ற 3.7-ல் வழியே கிடையாது. மெயில் சர்வர் இந்திய நேரத்திலும் லாக்ஸ்டாஷ் யூடிசி-யிலும் இருந்தால், வந்த மடல் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் போய் உட்காரும். 'கடைசி 15 நிமிடம்' என்று தேடுபவர் கண்ணில் படாது. லாக்ஸ்டாஷின் டேட் ஃபில்டரில் (தேதியைப் படிக்கும் பகுதி) டைம்சோனை ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்தால் தீரும். போன வருட லாக்கை மறுபடி ஏற்றினால் அதெல்லாம் இந்த வருடக் கணக்கில் விழும், அதற்கு மருந்து கைவேலைதான். எல்லாவற்றையும்விட மோசம் வரிசை குலைவது: ஒரே நொடிக்குள் முடிந்த மடலுக்கு, லாக்கைத் தேடிப் பார்க்கும் திரையான கிபானாவில் 'சென்ட்' முதலா, 'ரிமூவ்ட்' முதலா என்று நிச்சயமில்லாமல் போகும். நேரத்துக்கு அடுத்தபடியாக ஃபைல்பீட் தரும் ஆஃப்செட்டை (கோப்பில் வரி இருக்கும் இடம்) வைத்தும் அடுக்க வேண்டும். மைக்ரோநொடியில் 'டிலேஸ்' (மடல் தாமதம்) கணக்குப் போடத் தெரிந்த மென்பொருளுக்கு, வருடத்தை எழுதுவதில் என்ன கஞ்சத்தனமோ!

லாக் சுழற்சியிலும் ஒரு பள்ளம் உண்டு. வழக்கமான லாக்ரொட்டேட் கோப்பைப் பெயர் மாற்றினாலும், ரீலோட் ஆகும்வரை போஸ்ட்லாக்டி பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். 'போஸ்ட்ஃபிக்ஸ் லாக்ரொட்டேட்' கட்டளையைக் க்ரானில் போடுங்கள். அது பெயர் மாற்றி ஜிஜிப் செய்யும், ஆனால் பழையவற்றை அழிக்காது. அழிக்க ஃபைண்ட் கட்டளை ஒன்று தனியாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும் இரண்டு வேலையை முதலில் முடியுங்கள். ஒவ்வொரு மடலுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் தரும் அடையாளம் (ஐடி) நீளமாக வர, எனேபிள்_லாங்_க்யூ_ஐடிஸ் = யெஸ் என்று வையுங்கள். இல்லாவிட்டால் குட்டை ஐடி மறுபடி பயன்படுத்தப்பட்டு, இரண்டு பேர் மடல் ஒரே மடலாக ஒட்டிக்கொள்ளும். லாக்ஸ்டாஷ் வரியைப் பிரிக்கும் பேட்டர்னான குரோக்கில் ஹெக்ஸ் எழுத்து (0-9, A-F) மட்டும் தேடினால் நீள ஐடி சிக்காது, அதையும் திருத்துங்கள். சப்மிஷனுக்கு (பயனர்கள் மடல் அனுப்பும் வாயில்) சிஸ்லாக்_நேம் (லாக்கில் வரும் பெயர்) கொடுத்திருந்தால் நிரல் பெயர் 'போஸ்ட்ஃபிக்ஸ்/சப்மிஷன்/எஸ்எம்டிபிடி' என்று மூன்று துண்டாக வரும். இரண்டு துண்டை எதிர்பார்க்கும் பேட்டர்ன் சத்தமில்லாமல் கோட்டைவிடும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டும் சொல்கிறேன்: மாற வேண்டாம். ஆர்சிஸ்லாக்கையே நிறுவுங்கள் (டெபியன் 12-ல் தானாக வராது). வருடம், மைக்ரோநொடி, +05:30 எல்லாம் சேர்ந்த நேரமுத்திரையை அது இயல்பாகவே எழுதும். ஜர்னல்டி வரம்பை எடுக்க லாக்ரேட்லிமிட்இன்டர்வல்செக்=0 என்பதை 'போஸ்ட்ஃபிக்ஸ்@-.சர்வீஸ்' ட்ராப்-இன்னில் (சர்வீஸ் அமைப்போடு சேர்க்கும் துணைக் கோப்பு) போடுங்கள். வெறும் 'போஸ்ட்ஃபிக்ஸ்.சர்வீஸ்' டெபியன் 12-ல் காலி ஓடு, அங்கே எழுதினால் ஒன்றும் நடக்காது. கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு மட்டும் விலக்கு. அங்கே லாக்கை எஸ்டிடிஅவுட்டுக்கு அனுப்பி, போஸ்ட்ஃபிக்ஸை முன்னணியில் ஓட்டும் 'ஸ்டார்ட்-எஃப்ஜி' கட்டளை கொடுத்தால், சரியான நேரத்தை டாக்கரே ஒட்டிவிடும்.