ராத்திரி பூராவும் கையை இறுக்கும் பிபி மிஷின்: மூன்று தடவை கட்டிய அனுபவம்

"அண்ணி, அதைக் கட்டிக்கொண்டு தூங்க முடியுமா?" என்று திருவாரூரிலிருந்து நாத்தனார் நேற்று கேட்டாள். அவளும் என்னைப் போல மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், இப்போது கையில் பட்டை கட்டி, அதுவே அவ்வப்போது இறுக்கி அளக்கிற மிஷினில் 24 மணி நேர பிபி பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். போனில் சொல்லி முடியவில்லை.

நாலு வருடத்தில் மூன்று தடவை கட்டியிருக்கிறேன். முதல் தடவை அது எனக்கு நல்லதுதான் செய்தது. ஆஸ்பத்திரியில் 160/100 காட்டிய கைக்கு, வீட்டில் ஒருநாள் சராசரி 126/78தான் வந்தது. பயத்தில் ஏறிய பிபி என்று மாத்திரையே எழுதவில்லை.

பகலில் தொந்தரவு இல்லை. இறுக்கும்போது கரண்டியை வைத்துவிட்டுக் கையை அசைக்காமல் நின்றால் போதும். ராத்திரிதான் கஷ்டம். அரை மணிக்கொரு தடவை விர்ரென்று காற்று ஏறும். தூக்கம் நன்றாக வருகிறவர்கள் புரண்டு படுத்துவிடுவார்கள். மாத்திரை போட்டும் மூன்று மணிக்கு முழித்துக்கொள்கிற ஆள் நான், போன ஐப்பசியில் கட்டியபோது ஒன்றரைக்கே எழுப்பிவிட்டது. வெளியே மழை, சம்பா வயலில் தவளைச் சத்தம், அடுத்து எப்போது இறுக்கும் என்று காத்துக்கொண்டே கிடந்தேன். அந்த நேரத்தில் மனம் எங்கெல்லாம் போகும் என்று இந்த நோய் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடக் கோபம், இரண்டாம் தடவை வந்த ரிப்போர்ட்டில். தூங்கும்போது பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், எனக்கு 4தான் இறங்கியிருக்கிறது, பிபி மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார்கள். கொட்டக் கொட்ட விழித்திருப்பவளுக்கு எப்படி இறங்கும்? பத்திலிருந்து ஆறு வரை தூக்கம் என்று மிஷினில் குறித்துவிட்டார்கள், நான் தூங்கினேனா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் மூன்றாம் தடவை பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். 1.30 முழிப்பு. 2.00 முழிப்பு. 3.30 கொஞ்சம் கண் அசந்தது. கும்பகோணத்தில் வேறொரு டாக்டர் அந்த நோட்டை ரிப்போர்ட் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தார். தூங்கிய நேரத்து அளவெல்லாம் இறங்கித்தான் இருந்தது. வென்லாஃபாக்சின் மாதிரி சில மனச்சோர்வு மாத்திரைகளே பிபியை ஏற்றும், நீங்கள் எது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் அவர்தான்.

சரி, நாத்தனாரிடம் கட்டிக்கொள் என்றுதான் சொல்லப்போகிறேன், தலைமாட்டில் ஒரு நோட்டோடு. ஆனால் என் தூக்கம் கொஞ்சம் தேறுகிற வரைக்கும் நாலாவது தடவை நான் கட்டிக்கொள்வதாக இல்லை.