தில்லைநகரில் ஞானப்பல் எடுத்த அனுபவம்

டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பல் வேலையையும் கையோடு முடித்துக்கொண்டு வருவது வழக்கம்தான். ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டைக்குப் பல் கிளினிக்கில் வேலையில்லை. ஆபீஸ் இன்சூரன்ஸும் முழுசாகக் கொடுக்காது. கீழ்த்தாடையில் படுத்துக்கிடந்த ஞானப்பல்லை நானும் திருச்சியில்தான் எடுத்தேன். எடுத்தது சீக்கிரம் முடிந்துவிட்டது. புண் ஆறுவதில்தான் விஷயம் இருக்கிறது.

தில்லைநகரில் எந்தக் குறுக்குத் தெருவில் திரும்பினாலும் ஒரு பல் கிளினிக். முதலில் போன இடத்தில் தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே பேக்கேஜ் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பல் எடுத்த குழிக்குள் எலும்புத் தூள், மேலே ஒரு சவ்வு, கூடவே பிஆர்எஃப் என்று ஒன்று. வெளிநாட்டு ஆள் என்று தெரிந்தால் பில்லும் தனி ரகம் போலிருக்கிறது. எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த இடத்தில் வாய் அறுவை சிகிச்சை நிபுணர் மாலையில் மட்டும் வருவார். பல்லின் வேரையும் அதை ஒட்டி ஓடும் நரம்பையும் படத்தில் காட்டி, உதடு மரத்துப்போகும் வாய்ப்பைத்தான் முதலில் பேசினார். எலும்புத் தூளைப் பற்றிக் கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு சார்? குழி தானா மூடிக்கும். முன்னாடி இருக்கற பல்லைச் சுத்தி எலும்பு கரைஞ்சிருந்தா யோசிக்கலாம்" என்றார். பிஆர்எஃப் என்றால் நம் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷினில் சுற்றி, அதில் திரளும் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதத்தைக் குழியில் வைப்பது. 2000களின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான முறை. வலி குறையலாம், ரத்தக்கட்டி பிய்ந்து குழி வலிக்கிற ட்ரை சாக்கெட் வருவதும் குறையலாம், எலும்பு சீக்கிரம் வளரும் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது என்றார். இப்படிச் சொல்கிறவரிடம் வாயைத் திறந்து உட்காரலாம் என்று தோன்றியது. பிஆர்எஃப் வைத்துக்கொள்ளவில்லை.

குழியில் உறைகிற ரத்தக்கட்டிதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதன் மேல்தான் புதுச் சதை வரும், அப்புறம் எலும்பு. அது பிய்ந்து போனால் எலும்பு வெளியே தெரியும், மூன்றாம் நாள் வாக்கில் காது வரைக்கும் வலி இழுக்கும். அதுதான் ட்ரை சாக்கெட். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் பெண் இரண்டு தடவை வந்து சொன்னார்: "அண்ணா, துப்பாதீங்க. எச்சியை முழுங்கிருங்க. ஸ்ட்ரா போட்டு எதையும் உறியாதீங்க."

ஊரில் இதைக் கடைப்பிடிப்பது லேசில்லை. இளநீர்க்காரர் வெட்டிய கையோடு ஸ்ட்ராவைச் செருகுவார்; டம்ளரில் ஊற்றித் தரச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார். வீட்டில் பெரியம்மா அன்று ராத்திரியே உப்புத் தண்ணீரோடு நின்றார். ஆனால் 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. களகளவென்று கொப்பளிக்காமல் தலையைச் சாய்த்துத் தானாக விழவிட வேண்டும். கிராம்புத் தைலமும் மஞ்சளும் குழிக்குள் போகக் கூடாது என்று டாக்டரே போனில் பெரியம்மாவிடம் சொல்லவேண்டியதாயிற்று. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் ஊருக்கு ஈடில்லை: ஆறின ரசத்தில் குழைத்த சோறு, தேங்காய்ப்பாலில் ஊறின இடியாப்பம், அரைவேக்காட்டு முட்டை.

குழிக்குள் வெள்ளையாக ஏதோ படிந்ததும் சீழோ என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். புண் ஆறும்போது படிகிற ஃபைப்ரின்தான், நோண்டாதீர்கள் என்று பதில் வந்தது. நாளாக ஆக வீக்கமோ வலியோ கூடினாலும், காய்ச்சலோ கெட்ட நாற்றமோ வந்தாலும் நேரில் வரச் சொன்னார்.

ஈறு மூடச் சில வாரம் பிடிக்கும். உள்ளே எலும்பு நிரம்ப மூன்று நான்கு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதனால் விடுமுறையின் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போன முதல் வாரமே எடுத்துவிட்டால், பட்டுநூல் தையல் பிரிக்கவும் ட்ரை சாக்கெட் வந்தால் மருந்து வைக்கவும் அதே டாக்டர் பக்கத்தில் இருப்பார். கிளம்பும்போது ஓபிஜியை ஃபைலாகவும், என்ன செய்தார்கள் என்ற குறிப்பை லெட்டர்ஹெட்டிலும் கேட்டு வாங்குங்கள். இங்கே டொராண்டோவில் பின்னால் எக்ஸ்ரே எடுக்கும் டென்டிஸ்ட் முதலில் அதைத்தான் கேட்பார்.