போர்டில் இருக்கும் சவுண்டா, யூஎஸ்பி டொங்கிளா?

லினக்ஸ் போட்ட கொம்பியூட்டரில் சத்தம் வராவிட்டால் ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ இருப்பவருக்கு மூன்று வழி உண்டு: மதர்போர்டில் இருக்கும் சவுண்ட் சிப்பையே திருத்தியெடுப்பது, யூஎஸ்பி டொங்கிள் (வெளியே செருகும் சிறிய சவுண்ட் கார்ட்) வாங்குவது, பெட்டிக்குள் போர்டின் சிலொட்டில் பூட்டும் பழைய பிசிஐ சவுண்ட் கார்ட் தேடுவது. டொங்கிளுக்காகக் கிளிநொச்சிக்கு பஸ் ஏறுமுன் முதலாவதோடு கொஞ்சம் மினக்கெடுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

டேர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) ‘ஏபிளே -எல்’ (aplay -l) அடித்தால் சவுண்ட் கார்டுகள் வரிசையாக வரும். எச்டிஎம்ஐ முதலில் நின்றால், ஸ்பீக்கரே இல்லாத மொனிற்றருக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கக்கூடும். செற்றிங்கில் வெளியீட்டை அனலொக்குக்கு, அதாவது சாதாரண ஸ்பீக்கர் ஓட்டைக்கு, மாற்றுங்கள். அடுத்தது டேர்மினலிலேயே ‘அல்சாமிக்ஸர்’ (alsamixer) என்ற சத்த அளவுப் பலகை. எஃப்6 அழுத்திக் கார்டைத் தெரிந்து, மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் தூண்களின் அடியைப் பாருங்கள். ‘எம்எம்’ என்றிருந்தால் வாய் கட்டப்பட்டிருக்கிறது. எம் விசையை அழுத்த ‘00’ ஆகும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பீக்கர் ஊமையென்றால் ஹெட்போன் ஓட்டையைச் சந்தேகியுங்கள். ஹெட்போன் பின்னைக் குத்தினால் தெரியவரும்படி உள்ளே சிறிய தகடொன்று இருக்கும். கிரவல் வீதிப் புழுதியும் மாரி ஈரமும் சேர்ந்து அதில் படிந்தால், ஹெட்போன் குத்தியிருப்பதாக நினைத்துப் போர்ட் ஸ்பீக்கரை அடக்கிவிடும். மின்னை நிறுத்திவிட்டு, கொன்ராக்ட் கிளீனர் தொட்ட மெல்லிய குச்சியால் துடையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அல்சாமிக்ஸரின் வலது கோடியில் ‘ஓட்டோ-மியூட் மோட்’ (ஸ்பீக்கரைத் தானாக அடக்கும் வசதி) இருக்கும், அதை நிறுத்திவிடலாம். பெட்டியின் முன்பக்க ஓட்டைகளிலிருந்து போர்டுக்கு வரும் வயரில் ‘எச்டி ஓடியோ’ (HD AUDIO) பிளக்குக்குப் பதில் பழைய முறையான ‘ஏசி97’ (AC97) பிளக்கைச் செருகியிருந்தாலும் இதே குழப்பம்தான்.

செற்றிங்கின் வெளியீட்டில் ‘டம்மி அவுட்புட்’ மட்டும் தெரிந்தால் கதை வேறு: கார்டே பிடிபடவில்லை. புதிய இன்டெல் லப்டொப் பலவற்றுக்கு சோஃப் (SOF) ஃபேம்வெயார், அதாவது சவுண்ட் சிப்புக்குள் ஏற்றும் சிறிய மென்பொருள், வேண்டும். டெபியன் 12 என்ற லினக்ஸில் அது ‘நொன்-ஃப்ரீ-ஃபேம்வெயார்’ (non-free-firmware) பிரிவில் இருக்கிறது. நிறுவி மீளத் தொடக்குங்கள். சத்தத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பல்ஸ்ஓடியோ மென்பொருளை அடியோடு அழிக்கச் சொல்லும் பழைய அறிவுரையைக் கேட்காதீர்கள். டெஸ்க்டொப்பின் பாதியும் சேர்ந்து கழன்றுவிடலாம்.

பிசிஐ கார்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற பழைய கார்டை லினக்ஸ் நன்றாகவே அறியும், ஆனால் இப்போதைய போர்டுகளில் அந்தச் சிலொட் அரிது.

டொங்கிள் வெல்லுமிடம் மைக். சூம் வகுப்புக்குப் போர்ட் மைக் இரைந்தால் அதை வாங்குவதே நல்லது. டிரைவர் தேவையில்லை, லினக்ஸின் மையமான கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஹப்பில் செருகாமல் பெட்டியின் பின்புறத்தில் நேரே செருகுங்கள். செற்றிங்கில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் தனித்தனியே அதற்கு மாற்றவேண்டும். போனோடு வரும் ஒற்றைப் பின் ஹெட்செட்டை இரட்டை ஓட்டை டொங்கிளில் குத்தினால் பாட்டுக் கேட்கும், பேச்சுப் போகாது. மைக்கையும் ஹெட்போனையும் பிரிக்கும் வை வயரையும் அதே கடையில் கேட்டு வாங்குங்கள்.